விளக்கை அணைத்த இரவு

ரயில்வே உத்தியோகத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு ஆண்டில் ஒரு பிரயாணம்தான் உண்டு. அது சொந்த ஊருக்குச் சென்று திரும்பும் பிரயாணம். பாஸ் எழுதி வாங்குவது, முன்பதிவு செய்வது, புளியோதரை கட்டுவது, ஊரில் உறவினர் வீடுகளுக்கு ஒரு சுற்றுச் சுற்றுவது, திரும்பும்போது வடகமும் அப்பளமும் நல்லெண்ணெயும் மூட்டை கட்டிக்கொண்டு வண்டி ஏறுவது. இவ்வளவில் விடுப்புத் தீர்ந்துவிடும். ஒடிசா மாநிலத்துக் குர்தா ரோடு சந்திப்பில் குமாஸ்தா வேலை ஏற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் வரை நாங்கள் அறிந்திருந்த பிரயாணம் அது ஒன்றே.

குர்தா ரோட்டிலிருந்து தெற்கே புறப்படும் ரயில் சிறிது நேரத்தில் சிலிகா ஏரிக் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடும். இந்தியாவிலேயே மிகப் பெரிய உவர்நீர்க் காயல் அது. அந்த நேரத்தில்தான் நாங்கள் இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பது வழக்கம். பெட்டியில் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். சன்னல் கண்ணாடியில் எங்கள் முகங்களே எங்களுக்குத் தெரியும். ஏரியை நாங்கள் பார்த்ததில்லை.

இதை எங்களுக்கு உணர்த்தியவர் எங்கள் மகளின் பள்ளி ஆசிரியை. ‘நான் கண்ட கடற்கரை’ என்று ஒரு கட்டுரை எழுதி வரச் சொல்லியிருக்கிறார். மகள், தன் பாட்டியின் நாகப்பட்டினக் கரையைப் பற்றி எழுதிக்கொண்டு போனாள். ஆசிரியை அதை மெச்சிவிட்டு, “நீ பிறந்தது இங்கேதானே, அம்மா? இந்தக் கரையை நீ பார்த்ததே இல்லையா?” என்று கேட்டாராம். மாலையில் மகள் அதே கேள்வியை எங்களிடம் கேட்டாள். மறுமொழி சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை.

ஊர் ஊராகத் தங்கிக் கடற்கரையைப் பார்ப்பதென்றால் விடுதிச் செலவுக்குக் குமாஸ்தாவின் சம்பளம் எட்டாது. அதற்கு வழி காட்டியவர் எங்கள் குடியிருப்பின் அடுத்த வரிசையில் இருக்கும் ஒடியப் பெரியவர். ரயில் பெட்டிகள் பழுது பார்க்கும் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குழந்தைகள் அவரை ‘மௌசா’ என்று அழைப்பார்கள். நம் வழக்கில் பெரியப்பா, சித்தப்பா போன்ற உறவுச் சொல். மௌசா ஒரு பழைய பள்ளி வேனை விலைக்கு வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இருபுறமும் பலகைப் பெட்டிகள் அடித்திருந்தார். பகலில் அவை உட்காரும் பெஞ்சு. உள்ளே துணிமணியும் பாத்திரமும் அடங்கும். இரவில் நடுவே இரண்டு பலகைகளைப் பொருத்திவிட்டால் நால்வர் படுக்கும் கட்டில். ஐந்து கிலோ சிலிண்டரில் ஓர் அடுப்பு, இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்கள் இரண்டு, கூரைமேல் ஒரு தார்ப்பாய். சன்னல்களுக்கு எங்கள் இல்லத்தரசி கொசுவலை தைத்துக் கொடுத்தார். வண்டியின் பின்புறத்தில் மௌசா ஒடிய எழுத்தில் ‘வீடு’ என்று எழுதி வைத்தார்.

எங்கள் பங்குக்கு ஒரு பொருள் வாங்கினோம். நல்ல வெளிச்சம் தரும் பாட்டரி விளக்கு. இருட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு புதிய இடத்தில் தங்குகிறோமே என்ற கவலையினால், கடையில் இருந்தவற்றுள் மிகப் பிரகாசமானதையே தேடி எடுத்தோம். பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் அந்த விளக்கே காரணமாயிற்று.

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 14. நமக்குச் சித்திரை முதல் நாள். ஒடியர்களுக்கும் அன்றுதான் புத்தாண்டு. பணா சங்கராந்தி என்பார்கள். வில்வப் பழத்தைக் கரைத்துச் செய்யும் ‘பணா’ என்ற குளிர்ந்த பானகத்தை அன்று ஒருவருக்கொருவர் வழங்குவார்கள். காலையில் எங்கள் வீட்டு வேப்பம்பூப் பச்சடியை மௌசா சுவைத்து முகம் சுளித்தார். அவர் வீட்டுப் பணாவை எங்கள் குழந்தைகள் இரண்டு தம்ளர் குடித்தார்கள். பிறகு புறப்பட்டோம்.

முதல் நாள் நாங்கள் சென்றது சிலிகாவின் வடகரையிலுள்ள மங்களாஜோடி. நாணல் புதர்களுக்கிடையே கோலூன்றித் தள்ளும் ஓடத்தில் அழைத்துச் செல்கிறார்கள். குளிர்காலத்தில் சிலிகாவுக்கு வடக்கத்தி நாடுகளிலிருந்து பறவைகள் இலட்சக்கணக்கில் வருவதுண்டு. நாங்கள் போனது சித்திரை, விருந்தாளிகள் திரும்பிவிட்டார்கள். ஆனாலும் வீட்டார் இருந்தனர். நீலக்கோழிகள் நாணல் தண்டை ஒரு காலில் பிடித்துக் கரும்பு கடிப்பதுபோல் கடித்தன. நீண்ட வாலுடைய தாமரைக்கோழி ஒன்று இலைமேல் இலையாகக் கால் வைத்து நீர்மேல் நடந்தது. நெடுங்கால் உள்ளான்கள் தம் நிழலைத் தாமே கொத்துவன போல் நின்றன.

ஓடக்காரர் நாற்பது வயதுக்காரர். அவருடைய தந்தையார் இதே நீரில் பறவைகளைக் கொன்று சந்தைக்கு அனுப்பிப் பிழைத்தவராம். ஒரு காலத்தில் ஊரே அவ்வாறு இருந்தது. பிறகு வேட்டைக்காரர்களே கூடிப் பறவைகளைக் காப்பதென்று முடிவு செய்து, காவலர்களாக மாறினார்கள். “பறவை எந்த இடத்தில் இறங்கும், எப்போது எழும், எதற்கு அஞ்சும் என்பதெல்லாம் வேட்டைக்காரனுக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்த அறிவை இப்போது வேறு விதமாகப் பயன்படுத்துகிறோம்,” என்றார். ஓடத்தை அவர் தள்ளிய விதம் எங்கள் கருத்தைக் கவர்ந்தது. கோல் நீரில் விழும் ஓசையே கேட்கவில்லை. பறவைக்கு மூன்று முழ தூரம் வரை சென்றும் அது தலை நிமிரவில்லை.

அன்றிரவு ஏரிக்கரையில் தங்கினோம். வண்டிக் கூரையின் ஓரத்தில் புது விளக்கைத் தொங்கவிட்டுச் சமைத்தோம். பூச்சிகள் மொய்த்தன என்பதைத் தவிர வேறு தொல்லை இல்லை. விளக்கின் பெருமையைப் பேசிக்கொண்டே தூங்கினோம்.

மறுநாள் மாலையில் கஞ்சம் மாவட்டத்தில் ருசிகுல்யா ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே சென்று சேர்ந்தோம். இந்த இடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டுக் கரையில் ‘பங்குனி ஆமை’ என்று வழங்கும் கடலாமையை எங்கள் இல்லத்தரசி சிறு வயதிலேயே பார்த்திருக்கிறார். பங்குனியை ஒட்டி இரவில் கரையேறி முட்டையிடுவதால் அந்தப் பெயர். நாகப்பட்டினப் பக்கம் ஓர் இரவில் ஒன்றிரண்டு கண்ணுக்குப் படும். ஒடிசாவில் அவை படையாக வருகின்றன. கஹிர்மதா என்ற கரையில் இவ்வாறு வருவது 1974-இல் ஆராய்ச்சியாளருக்குத் தெரியவந்தது. ருசிகுல்யா வெளியுலகுக்குத் தெரிந்தது 1994-இல். 2023-இல் பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும் சில இரவுகளுக்குள் இந்தச் சிறிய மணற்பரப்பில் 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஆமைகள் முட்டையிட்டதாகக் கணக்கு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ நூறு முட்டைகளைக் குழியில் இட்டு, மணலால் மூடிவிட்டுத் திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விடும். வெயில்தான் அடைகாக்கிறது. நாற்பத்தைந்து முதல் அறுபது நாட்களில் குஞ்சுகள் பொரித்து, இரவு நேரத்தில் மணலைப் பிளந்துகொண்டு வெளிவருகின்றன. நாங்கள் சென்ற நேரம் அந்த நேரம்.

பிறந்த குஞ்சுக்குக் கடல் எந்தத் திசையில் என்று சொல்லித்தர யாரும் இல்லை. தாய் போய்விட்டாள். அதற்குத் தெரிந்தது ஒன்றே: எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போ என்பது. ஆளில்லாத கரையில் அது பிழையற்ற வழிகாட்டி. நிலப்புறம் மரங்களால் இருண்டிருக்கும். கடற்புறம் விண்மீன் ஒளியை வாங்கி மங்கலாக மின்னும். வெளிச்சத்தை நோக்கிப் போகும் குஞ்சு கடலைச் சேர்ந்துவிடும்.

இந்தச் செய்தி எங்களுக்கு முன்னமே தெரிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். எங்களுக்கு மறுநாள் காலையில்தான் விவரமாகத் தெரிந்தது.

சவுக்குத் தோப்புக்குப் பின்னால், கடற்கரைக்குப் போதிய தூரம் என்று நாங்களே முடிவு செய்துகொண்ட ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தினோம். மௌசா விவரம் கேட்டு வருவதாகச் சொல்லிக் கிராமத்துக்கு நடந்தார். “நான் வரும்வரை இங்கேயே இருங்கள், பாபு,” என்று மட்டும் சொல்லிச் சென்றார். தேய்பிறைக் காலம், நிலவு பின்னிரவில்தான் எழும். நன்றாக இருட்டியது. கடலோசை மிகப் பக்கத்தில் கேட்பதுபோல் இருந்தது. குழந்தைகள் பயந்தார்கள். உண்மையைச் சொன்னால் பெரியவர்களும் பயந்தோம். விளக்கைக் கூரையில் மாட்டி, முழு வெளிச்சமும் வைத்து, அடுப்பை மூட்டி ரவை கிளற உட்கார்ந்தோம்.

அரை மணி நேரம் கழித்து மகன், “அப்பா, மணல் நகர்கிறது,” என்றான். ஏழு வயதுப் பிள்ளையின் கற்பனை என்று நினைத்தோம். மகள் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எங்கள் கையைப் பிடித்து இழுத்தாள். சவுக்கு மரங்களின் அடியிலிருந்து, சருகுகளின் மேல் விழுந்தும் புரண்டும், கரும் பொத்தான்கள் போல் அவை வந்துகொண்டிருந்தன. உள்ளங்கையில் பாதி அளவு இருக்கும். துடுப்புப் போன்ற முன்கால்களை மாற்றி மாற்றிப் போட்டு, எங்கள் விளக்கை நோக்கி நேராக வந்தன. சில ஏற்கெனவே வண்டிக்கு அடியில் புகுந்திருந்தன. ஒன்று எங்கள் கோலப்பொடி டப்பாவின் மேல் ஏற முயன்றது.

முதலில் எங்களுக்கு உண்டானது மகிழ்ச்சி. அதை மறைத்துப் பயனில்லை. இவ்வளவு தூரம் பார்க்க வந்தவை தாமாகவே வாசலுக்கு வந்துவிட்டன என்று எண்ணினோம். விளக்கைக் கழற்றி இன்னும் கீழே பிடித்தோம், குழந்தைகளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று.

அப்போது இருட்டுக்குள்ளிருந்து ஓர் இளைஞன் ஓடி வந்தான். “பத்தி பந்த் கர! பத்தி பந்த் கர!” என்று கத்திக்கொண்டே வந்தான். விளக்கை அணை என்று பொருள். நாங்கள் திகைத்து நின்றோம். அவன் காத்திருக்கவில்லை, கையிலிருந்த விளக்கைப் பிடுங்கி அணைத்துவிட்டான். அடுப்பையும் அணைத்தான். கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இருட்டில் அவன் குரல் மட்டும் கேட்டது: “யாரும் காலைத் தூக்கி வைக்காதீர்கள். நின்ற இடத்தில் நில்லுங்கள்.”

எவ்வளவு நேரம் அவ்வாறு நின்றோம் என்று சொல்ல முடியாது. எங்கள் பாதங்களின் மேல் சிறு உயிர்கள் ஏறி இறங்குவதை உணர்ந்தோம். கண் இருட்டுக்குப் பழகியது. பழகியபின் நாங்கள் கண்டது, அந்த இருட்டு இருட்டே அல்ல என்பது. மரங்களின் இடைவெளியில் கடல் தெரிந்தது. அலையின் நுரை சாம்பல் நிறத்தில் நீளமாக எழுந்து மடிந்தது. வானம் முழுவதும் விண்மீன்கள். இவையெல்லாம் எங்களுக்கு முன்னால்தான் இருந்தன. எங்கள் விளக்குத்தான் மறைத்துக்கொண்டிருந்தது.

இளைஞன் எங்களைத் திட்டவில்லை. வேலை சொன்னான். தண்ணீர் வாளியைக் காலி செய்து, அடியில் ஈர மணல் பரப்பச் சொன்னான். முழங்காலிட்டு, கையால் தடவித் தடவி, ஓட்டின் இரு பக்கமும் பிடித்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். வண்டிக்கு அடியில் மகன்தான் நுழைய முடிந்தது. படுத்தபடி ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினான். மௌசாவும் அதற்குள் திரும்பி வந்து, நடந்ததை அறிந்து, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் முழங்காலிட்டார். குமாஸ்தா வீட்டுப் பழக்கத்தால் மகள் எண்ணிக்கொண்டே வந்தாள். நூற்று நாற்பத்து மூன்று.

வாளியைக் கடலோரத்துக்குக் கொண்டு சென்றோம். நீரில் விட்டுவிடக் கூடாது என்றான் இளைஞன். ஈர மணலில் இறக்கிவிட்டோம். கடைசித் தூரத்தை அவையே நடந்தன. அலை வந்து ஒரு முறை எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளியது. மறுபடி நடந்தன. அடுத்த அலை திரும்பும்போது மணல் வெறுமையாக இருந்தது. எங்கள் இல்லத்தரசி கை கூப்பி நின்றார்.

கரை நெடுகிலும் ஊர் இளைஞர்கள் காவல் இருந்ததை அப்போதுதான் கவனித்தோம். ஊர் விளக்குகளின் பக்கம் குஞ்சுகள் போகாதபடி வலை கட்டியிருந்தார்கள். வலையில் தடுக்கப்பட்டவற்றைக் கூடைகளில் எடுத்துக் கடலோரம் சேர்த்தார்கள். நாங்கள் அந்த வலைக்கு அப்பால், அவர்கள் காவலில்லாத மூலையில் விளக்கேற்றி வைத்திருக்கிறோம்.

அந்த இளைஞனின் தந்தையார் மீனவர். மறுநாள் காலையில் அவரோடு தேநீர் குடித்தோம். ஆமைகள் வலையில் சிக்கி மூச்சடைத்து இறப்பதைத் தடுக்க, நவம்பர் 1 முதல் மே 31 வரை ருசிகுல்யா, தேவி, தாம்ரா முகத்துவாரங்களை ஒட்டிய கடலில் 20 கிலோமீட்டர் வரை மீன்பிடிக்கத் தடை உண்டு. ஏழு மாதம் வருமானம் குறைகிறது என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். “கோபம் வராமலா இருக்கும்? வரும். ஆனால் குஞ்சு வெளியே வரும் ராத்திரியில் எங்கள் பிள்ளைகளை வீட்டில் இருத்த முடியாது,” என்றார். நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். “தெரியாமல் செய்தீர்கள், பாபு. இனித் தெரிந்தவர் ஆனீர்கள்,” என்று சொல்லித் தேநீருக்கு எங்களைக் காசு கொடுக்கவிடவில்லை.

வண்டியை எடுக்குமுன் சுற்றிலும் ஒரு முறை தேடினோம். சவுக்குச் சருகுகளுக்கிடையில், இரவில் எங்கள் கைக்கு அகப்படாமல் நிலப்புறம் போய்விட்டவை, வெயிலில் காய்ந்து கிடந்தன. ஒன்பது. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்பார்கள். ஆகவே ஒன்பது எம்மாத்திரம் என்று ஆறுதல் சொல்பவர் சொல்லலாம். கணக்கு எழுதிப் பழகியவர்களுக்கு அது சரிப்படாது. அந்த ஒன்பதும் எங்கள் பேரில் எழுத வேண்டிய பற்று. மகள் சிறு குழி தோண்டி அவற்றைப் புதைத்தாள்.

நிற்க. அன்று ஹும்மாவின் உப்பளங்களைக் கடந்து, பாலூர் வழியாகச் சிலிகாவுக்கும் கடலுக்கும் இடையேயுள்ள நிலத்தில் பயணம் செய்து, ஜன்ஹிகுடாவில் வண்டியோடு மிதவைப் படகில் ஏறி ஏரியைக் கடந்து சாத்தபடா சேர்ந்தோம். சிலிகாவின் கதையும் ஒரு வாசலின் கதைதான். கடலோடு சேரும் முகத்துவாரம் மணலடைந்து தூர்ந்தபோது உப்பு நீர் வரத்துக் குறைந்து, களைகள் மண்டி, மீன் அருகியது. உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலையென்று 1981-இல் பட்டியலில் சேர்த்த ஏரியை 1993-இல் ஆபத்துப் பட்டியலிலும் சேர்க்க நேர்ந்தது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய முகத்துவாரம் ஒன்றை வெட்டித் திறந்தார்கள். கடல் மீண்டும் உள்ளே வந்தது. மீனும் வந்தது. 2002-இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது.

சாத்தபடாவில் டால்பின் பார்க்க மோட்டார் படகில் அழைத்துச் செல்கிறார்கள். இராவதி டால்பின் என்ற இந்த வகைக்கு நீண்ட மூக்கு இல்லை; உருண்ட தலை. சிலிகாவில் ஏறத்தாழ நூற்றைம்பது வாழ்கின்றன. தூரத்தில் ஒரு முதுகு தெரிந்ததும் நாலைந்து படகுகள் இரைந்துகொண்டு அத்திசையில் பாய்ந்தன. எங்கள் படகோட்டியும் கைப்பிடியை முறுக்கினார். மகள் அவர் தோளைத் தொட்டு, தனக்குத் தெரிந்த ஒடிய மொழியில், “மௌசா, எஞ்சினை அணைத்துவிடுங்கள்,” என்றாள். “அணைத்தால் அருகே போக முடியாதே, குழந்தாய்,” என்றார் அவர். “வேண்டாம். அணைத்துவிடுங்கள்.”

அணைத்தார். மற்றப் படகுகள் தொலைவில் மறைந்தன. நீர் சலசலப்பது மட்டும் கேட்டது. கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு எங்களுக்கு வலப்பக்கத்தில், ஒரு வண்டி நீளத்துக்கும் குறைவான தூரத்தில், பெருமூச்சு விடுவதுபோல் ‘உஸ்’ என்று ஓர் ஓசை. சாம்பல் நிற உருண்டைத் தலை ஒன்று மேலெழுந்து, வளைந்து அமிழ்ந்தது. அதனருகில் இன்னொரு சிறிய முதுகு. தாயும் குட்டியும் என்று படகோட்டி விரலால் காட்டினாரேயன்றிப் பேசவில்லை. மூன்று முறை எழுந்தன. அவ்வளவுதான். அந்த மூச்சின் ஓசையை எங்கள் வீட்டில் இன்றும் மகன் செய்து காட்டுவான்.

பூரியிலிருந்து கோணார்க்கம் வரை கடலோரச் சாலை சவுக்கும் முந்திரியும் அடர்ந்த காட்டினூடே செல்கிறது. கோணார்க்கத்துச் சூரியன் கோயிலைப் பற்றி எழுதியவர் பலர், எங்களுக்கு இடமில்லை. அன்றிரவு ஒரு தோப்பில் விளக்கில்லாமல் தயிர்சாதம் உண்டோம். அதன் வடக்கே எர்சமா, பாரதீப் பகுதி. 1999 அக்டோபர் 29-ஆம் தேதியின் பெரும் புயலில் ஒடிசாவில் ஏறத்தாழ 10,000 உயிர்கள் போயின. மிகுதியும் இந்தப் பக்கத்தில்தான். சாலையோரங்களில் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டிய புயல் காப்பகங்களைக் காட்டி, அந்த ஆண்டு நிவாரண ரயிலுக்குப் பெட்டி சரி செய்த கதையை மௌசா சொன்னார்.

பிரயாணத்தின் கடைசி இடம் பிதர்கணிகா. ஆறுகள் கடலோடு கலக்குமிடத்துச் சேற்றுக் காடு. நமக்குப் பிச்சாவரம் எவ்வாறோ அவ்வாறு. ஆனால் பன்மடங்கு பெரியது. இவ்வகைக் காட்டுக்கு நம் மொழியில் ‘அலையாத்திக் காடு’ என்று பெயர். அலையை ஆற்றுவது என்ற பொருளை நாங்கள் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. 1999 புயலின்போது, அகன்ற அலையாத்திக் காடு முன்னால் நின்ற கிராமங்களில் உயிர்ச்சேதம் குறைந்திருந்ததாகக் கேந்திரபாடா மாவட்டத்தைப் பற்றி 2009-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கண்டது. பெயர் வைத்த முன்னோருக்கு அது முன்னமே தெரிந்திருக்கிறது.

கோலா என்னும் இடத்திலிருந்து படகில் ஓடைக்குள் சென்றோம். நீர் வடிந்திருந்தது. மூச்சு விடும் வேர்கள் சேற்றிலிருந்து ஈட்டிகள் போல் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு கை மட்டும் பெருத்த சிவப்பு நண்டுகள் அந்தக் கையை ஆட்டி ஆட்டி யாரையோ அழைத்தன. சேற்றில் துள்ளும் சிறு மீன்களைக் கண்டு மகன் சிரித்தான். கரையில் கிடந்த ஒரு பெரிய மரக்கட்டையைப் படகோட்டி சுட்டினார். மரக்கட்டை கண்ணைத் திறந்தது. பதினைந்து அடிக்குக் குறையாத உப்புநீர் முதலை. சிறிது நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, ஓசையே இல்லாமல் நீரில் நழுவியது. அவ்வளவு பெரிய உடல் அவ்வளவு ஓசையின்றி மறைவதைக் காண நெஞ்சு குளிர்ந்துவிட்டது. வெளிர் நிற முதலைகளும் இங்கே உண்டு. சங்கு நிறம் என்பதால் ‘சங்குவா’ என்கிறார்கள்.

1975-இல் இங்கே உப்புநீர் முதலைகள், குட்டிகளைச் சேர்த்தும் நூற்றுக்குள்தான் இருந்தன. ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனத்தைச் சேர்ந்த ஹெச். ஆர். பஸ்டர்ட் என்ற நிபுணரின் ஆலோசனைப்படி, முட்டைகளைச் சேகரித்து டாங்கமாலில் பொரிக்க வைத்து, வளர்த்து, ஆற்றில் விடும் வேலை அவ்வாண்டு தொடங்கியது. 2023-ஆம் ஆண்டுக் கணக்கில் அவை 1,700-ஐத் தாண்டிவிட்டன. இதன் மறுபுறத்தையும் சொல்ல வேண்டும். ஆற்றங்கரைக் கிராமங்களில் குளிக்கவும் மீன் பிடிக்கவும் இறங்குபவர்களை முதலை பற்றிய துயரங்கள் உண்டு. படித்துறைகளைச் சுற்றி வேலி அடைத்திருப்பதைப் பார்த்தோம். காக்கும் செலவில் பெரும் பகுதியைச் செலுத்துபவர்கள் பக்கத்தில் குடியிருக்கும் ஏழைகளே. ருசிகுல்யா மீனவரும் அதைத்தான் சொல்லாமல் சொன்னார்.

ஐந்தாம் நாள் வீடு திரும்பினோம். மகள் தன் கட்டுரையை மறுபடி எழுதினாள். முட்டையிட்ட தாயாமைகளில் சில, தெற்கே நம் மன்னார் வளைகுடாவுக்கும் இலங்கைக் கடலுக்கும் செல்கின்றன என்றும், ஒடிசாவில் அடையாளத் தகடு பூட்டியவற்றை அங்கே கண்டிருக்கிறார்கள் என்றும் அவளுடைய ஆசிரியை சொன்னாராம். “அப்படியானால் பாட்டியின் கடலும் நம் கடலும் ஒன்றுதானே, அப்பா?” என்றாள். ஆமாம் என்றோம்.

இக்கரையைக் காண விரும்பும் நம் சங்கத்துக் குடும்பத்தாருக்குச் சில வார்த்தைகள். பறவைகளுக்கு மார்கழி, தை மாதங்களில் செல்லுங்கள். ஆமைக் குஞ்சுகளுக்குச் சித்திரை. ஆனால் ஊராரையோ வனத்துறையாரையோ கேட்காமல் கரையின் பக்கம் வண்டியைக் கொண்டு போகாதீர்கள். பிதர்கணிகாவில் முதலைகள் கூடு கட்டும் மே, ஜூன், ஜூலை மாதங்களில் அனுமதி இல்லை. புளியும் பொடியும் கட்டிக்கொள்ளுங்கள்; அரிசி எங்கும் கிடைக்கும். விளக்கு வேண்டுமானால் எடுத்துப் போங்கள். ஆனால் ஏற்றுமுன் சிறிது நேரம் இருட்டில் உட்கார்ந்து பாருங்கள்.

அயலூரில் வாழும் நாம் நம் விளக்கை ஏற்றிக்கொள்வது இயல்பு. பொங்கல், நவராத்திரி, சங்கத்து ஆண்டு விழா, ஊர்ப் பிரயாணம் இவையெல்லாம் அந்த விளக்கு. அது வேண்டும். பயத்தைப் போக்குகிறது. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளாக அதன் வெளிச்சத்தில் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவ்வாண்டு மே மாத இறுதியில் வழக்கம்போல் ஊருக்குப் புறப்பட்டோம். குர்தா ரோட்டில் ஏறி இட்லிப் பொட்டலத்தை எடுத்தோம். மகன் எழுந்து, எங்கள் பகுதியிலிருந்த விளக்கை அணைத்துவிட்டான். எதிர் இருக்கைப் பெரியவர், “ஏன் தம்பி?” என்றார். “ஏரி வருகிறது,” என்றான். அவர் சற்று யோசித்துவிட்டுத் தம் பக்கத்து விளக்கையும் அணைத்தார்.